ஓதெலு பேசிய எட்டு மாதங்கள்

தெலங்கானாவின் கோருட்லாவில் பீடி சுற்றும் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் முறத்தோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரஜிதாவும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான். பத்தாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில், பாவா என்று கூப்பிட்டு வளர்ந்த தாய்மாமன் மகன் ஓதெலுவுக்கு வாழ்க்கைப்பட்டு அதே ஊரின் இன்னொரு தெருவுக்கு வந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் காது வேறு ரகம். தெருமுனையில் திரும்பும் ஆட்டோ யாருடையது என்று தலை நிமிராமல் சொல்வாள். பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று இங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

ஓதெலு கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். நிஜாமாபாத்தில் கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கி வந்தான். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி, டப்புப் பறையின் சத்தத்தை அதற்குள் கொண்டுவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். வாசித்தும் காட்டினான். ரஜிதா இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நனைஞ்ச டப்பு, பாவா."

"என்னது?"

"மழையில நனைஞ்சத எடுத்துத் தட்டற மாதிரி இருக்கு. நெருப்புல காட்டாம யாராவது அடிப்பாங்களா?"

"வந்துட்டா பெரிய வித்வான். வா, நீயே காய வை."

கேலியாகத்தான் சொன்னான். அவள் கையிலிருந்த புகையிலைத் தூளைத் தட்டிவிட்டு நிஜமாகவே வந்து உட்கார்ந்தாள். இந்தக் குமிழ் என்ன செய்யும், அந்தக் குமிழ் என்ன செய்யும் என்று கேட்டாள். இது சத்தத்தை மெலிதாக்கும், இது எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்று சொல்லும், இது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லும் என்று தெரிந்தவரை சொன்னான். அவள் ஒவ்வொன்றாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அன்று பருப்பு தீய்ந்தது. ஆனால் டப்பு காய்ந்துவிட்டது. ஓதெலு நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கரீம்நகரில் சின்னச் சின்ன ஸ்டுடியோக்கள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. வாரம் ஒரு கிராமியப் பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவார்கள். எல்லோரிடமும் கம்பெனி கொடுத்த அதே சத்தங்கள். அதனால் எல்லாப் பாட்டும் ஒரே தறியில் நெய்த துண்டு மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தவன் பூமேஷ். ஓதெலு கொண்டுபோன பென்டிரைவைப் போட்டுக் கேட்டவன் நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு தடவை கேட்டான்.

"யார் செஞ்சது இது?"

"என் வீட்டுல..." என்று ஓதெலு ஆரம்பித்தான்.

"வீட்டுலன்னா?"

"என் சம்சாரம் சொன்னா, இப்படி வைக்கலாம்னு."

அங்கே இருந்த பாடகனும் பூமேஷும் சிரித்தார்கள். "அண்ணே, குழம்புக்கு உப்பு கேக்கற மாதிரி டோனுக்கும் வீட்டுல கேக்கறீங்களா?" என்றான் பூமேஷ். ஓதெலுவும் கூடச் சிரித்தான். "சும்மா சொன்னேன். நான்தான் செஞ்சேன்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடம் மறைக்கவில்லை. சொல்லும்போது முகத்தைத்தான் வேறு பக்கம் வைத்துக்கொண்டான். ரஜிதா அப்போது சிரித்தாள். "நீயே சொல்லிக்கோ. அவங்ககிட்ட நான் என்ன பேசறது? நீ வாயி, நான் காது," என்றாள். "ஒருநாள் உன் போட்டோவைப் பெருசாப் போடறேன் பாரு," என்றான் அவன். "போடு, பீடிக் கட்டு மேல," என்றாள்.

இப்படித்தான் 'ஓதெலு டோன்ஸ்' தொடங்கியது. கடையுமில்லை, பலகையுமில்லை. ஒரு பழைய லேப்டாப், ஒரு வாட்ஸ்அப் எண், அதில் கீபோர்டு முன்னால் ஓதெலு நிற்கும் படம். யாருக்கு என்ன சத்தம் வேண்டுமோ, பேசி அனுப்புவார்கள். மாட்டுச் சலங்கை தூரத்தில் போகிற மாதிரி வேண்டும் என்பான் ஒருவன். சண்டைக்குப் போகிற கொம்பு வேண்டும், ஆனால் காதைக் கிழிக்கக் கூடாது என்பான் இன்னொருவன். ஓதெலு அதை அவளுக்குப் போட்டுக் காட்டுவான். அவள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள், அரைநாள் ஒன்றும் சொல்லமாட்டாள், பிறகு எழுந்து வந்து உட்காருவாள். பித்தளைக் குடத்தைத் தட்டிப் பதிவு செய்து அதைச் சிந்தசைசரின் அலையோடு கலப்பாள். இலை வெட்டும் கத்தரியின் சத்தத்தைக்கூட ஒரு பாட்டின் தாளத்துக்குள் நுழைத்திருக்கிறாள். செய்து முடித்ததை ஓதெலு வாசித்து, வீடியோ எடுத்து அனுப்புவான். அவன் கையில் அந்தச் சத்தங்கள் உயிரோடு எழுந்து நடக்கும். அதையும் சொல்ல வேண்டும், அவன் நல்ல வாசிப்புக்காரன்.

நாலு வருஷத்தில் சிரிசில்லா, நிஜாமாபாத், பிவண்டி, சோலாப்பூர், துபாய் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். ரஜிதா பீடி முறத்தை முழுசாக ஓரம் வைக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றியவள் முந்நூறோடு எழுந்துவிடுவாள்.

ஒரு சித்திரை மாதத்துப் பகலில் மெட்பல்லிப் பக்கம் ஒரு கிராமத்தில் நிச்சயதார்த்தக் கச்சேரி. பருவம் தப்பிய மழை தூறியது. கீபோர்டு நனைந்துவிடுமே என்று ஓதெலு ஓடிப்போய் இரும்புத் தாங்கியைப் பிடித்தான். எங்கோ ஒரு ஒயர் தோல் உரிந்து கிடந்திருக்கிறது. பிடித்த கை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. வயது முப்பத்தைந்து.

சேதி கேட்டு கரீம்நகரிலிருந்து முதலில் ஓடிவந்தவன் பூமேஷ்தான். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்து வாங்கியதும், வண்டி பிடித்ததும், பிணத்தோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்ததும் அவன். அந்த நன்றி ரஜிதாவுக்குக் கடைசிவரை இருந்தது.

பதினோராம் நாள் காரியம் முடிந்து, ஆட்டுக்கறியும் கள்ளும் பரிமாறி, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஓதெலுவை அண்ணன் என்பதால் அவளை வதினா என்று அழைக்கும் பூமேஷ் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"வதினா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் லேப்டாப்புல இருக்கற டோன் எல்லாம் எனக்கு ஒரு காப்பி குடுத்தா, அவர் பேர் நிக்கும். உனக்கும் ஏதாவது செய்யறேன்."

"அதெல்லாம் நான் செஞ்சது, பூமேஷ்."

"தெரியும் வதினா. கூட இருந்து ஒத்தாசை பண்ணியிருப்ப."

"ஒத்தாசை இல்ல. நான்தான் செஞ்சேன். முதல் டப்புலேர்ந்து."

பூமேஷ் மறுத்துப் பேசவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஏதோ சொல்கிறாள் என்கிற பார்வையோடு தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளை எழுப்பியது. போய் சிந்தசைசரைப் போட்டாள். "ஒரு சத்தம் சொல்லு, இப்பவே செய்யறேன்," என்றாள். அவன் சங்கடத்தோடு, "ஏதாவது புல்லாங்குழல்," என்றான்.

அவளால் முடியவில்லை. குமிழைத் திருப்பினாள், சத்தம் வந்தது. ஆனால் அது மெலிதா தடிமனா, அருகிலா தூரத்திலா என்று அவள் காதுக்கு எட்டவே இல்லை. பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அஞ்சு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"விடு வதினா. ஓய்வெடு," என்றான் பூமேஷ், நிஜமான இரக்கத்தோடு. அவள் எல்லாவற்றையும் அவன் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு பழையபடி ஆயிரம் பீடி. தொழில் எண் இருந்த போனை அலமாரியில் வைத்திருந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் இரங்கல் எழுதினார்கள், பிறகு ஓய்ந்தார்கள். தெரியாதவர்கள் வெளியூரில் இருந்தார்கள். வைகாசிக் கடைசியில், மிருகசீரிஷம் பிறந்து முதல் மழை விழுந்த வாரம், ஒரு மத்தியானம், போன் முனகியது. சோலாப்பூர் அம்பாதாஸ். தறிக்காரக் குடும்பத்துத் தெலுங்குப் பையன், கல்யாணங்களுக்கு வாசிக்கிறவன், வீட்டிலேயே சின்னதாகப் பாட்டுப் பதிவு செய்கிறவன். தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவான்.

'அண்ணா, ரொம்ப நாளா சத்தமே இல்ல. பொண்ண அனுப்பி வைக்கிற பாட்டு ஒண்ணு. ஷெனாய் வேணும். கல்யாண ஷெனாய்தான், ஆனா வாசிக்கறவனுக்கும் ஒரு மக இருக்கா இல்லையா, அந்த மாதிரி.'

அவர் இறந்துவிட்டார் என்று எழுதத்தான் ரஜிதா போனை எடுத்தாள். முதல் எழுத்தைத் தட்டியும் விட்டாள். பிறகு அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள். வாசிக்கிறவனுக்கும் ஒரு மகள். மனசுக்குள் ஒரு நாதம், தொடங்குவதற்கு முன்னால் மூச்சை இழுக்கிற மாதிரி, லேசாக அசைந்தது. ஓதெலு எப்போதும் எழுதுகிறபடியே எழுதினாள்: 'ஆயிடும் தம்பி. டென்ஷன் வேணாம்.'

மூணு நாள் உட்கார்ந்தாள். நாதம் எழும்புவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சும், நின்ற பிறகு ஒரு தளர்வும் வைத்தாள். வாசித்துக் காட்ட ஆள் இல்லை. சத்தத்தின் ஃபைலை மட்டும் அனுப்பினாள். 'அண்ணா, அம்மா அழுதுட்டா. உங்களாலதான் முடியும்,' என்று பதில் வந்தது. ரஜிதா முறத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, ஓதெலு போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

ஒரு தடவை என்று தொடங்கியது நின்றபாடில்லை. பிவண்டியிலிருந்து ஒருவன், துபாயிலிருந்து ஒருவன், வாரம் ஒரு தரம் அம்பாதாஸ். எல்லோருக்கும் ஓதெலுவே பதில் எழுதினான். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று எழுதினாள். அதை எழுதிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் பதுக்கம்மா பண்டிகை வந்தது. தெருவெல்லாம் பூக்கோபுரத்தைச் சுற்றிப் பெண்கள் கைதட்டி ஆடினார்கள். ஒலிபெருக்கியில் பூமேஷின் புதுப் பாட்டு. ரஜிதா செய்த டப்பு, ரஜிதா செய்த சலங்கை. கைதட்டும் இடத்தில் அவள் கத்தரி. பாட்டு முடிவில், 'ஒலிகள்: அமரர் ஓதெலு அண்ணனுக்கு அஞ்சலி' என்று ஒரு குரல் சொன்னது. ஆடுகிறவர்கள் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவள் விதவையாக ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஓதெலுவின் அக்கா லச்சவ்வா ஞாயிறுதோறும் வருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். தம்பியைத் தாய் மாதிரி வளர்த்தவள். ஒரு ஞாயிறு ரஜிதா குளிக்கப் போயிருந்தபோது போன் மினுங்கியது. அவள் வெளியே வந்ததும் லச்சவ்வா, "யாரு அது, இன்னும் அவனுக்கு அனுப்பறது?" என்று கேட்டாள். ரஜிதாவால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அறை விழும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

லச்சவ்வா வெகுநேரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவன் என்ன பதில் சொன்னான்?"

"அக்கா, அது நான் எழுதினது."

"தெரியும்டி. என்ன சொன்னான்னுதான் கேக்கறேன். படி."

ரஜிதா படித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலையாயிற்று. லச்சவ்வா இலைகளை அடுக்கிக்கொண்டே கேட்பாள். சில இடத்தில் சிரிப்பாள். சில இடத்தில் திருத்துவாள். "பாக்கலாம்னு எழுதாத. என் தம்பி வாயில பாக்கலாம் வராது. ஆகும்பான், இல்ல ஆகாதும்பான்." நாள் போகப்போக அவள் திருத்துவது கூடிக்கொண்டே வந்தது. ஓதெலு எப்படிப் பேசுவான் என்பதே தனக்கு மங்கிக்கொண்டு வருகிறது என்று ரஜிதாவுக்குப் புரிந்தது. அதை அவள் லச்சவ்வாவிடம் சொல்லவில்லை.

அம்பாதாஸ் சத்தம் மட்டும் கேட்கிறவனாக இல்லை. மார்கழியில் ஒருநாள் நீளமாக எழுதினான். பெண்டாட்டி ரேணுகா கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் இரண்டு மாதம் ஆகிறதாம். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். 'உங்ககிட்ட மட்டும் சொல்றேன் அண்ணா. நான் கை நீட்டிட்டேன். ரெண்டு தடவை.'

ரஜிதா இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு எழுதினாள்: 'போய்க் கூட்டிட்டு வா. தப்பு என்னுதுன்னு அவ அம்மா அப்பா எதிர்லயே சொல்லு. வாசல்ல நிக்க வெச்சாலும் நில்லு. அவ வரலைன்னா அது அவ இஷ்டம். இனிமே கை நீட்டினா எனக்கு நீ தம்பி இல்ல.' அந்த வாரம் லச்சவ்வா இதைத் திருத்தவில்லை. "இதை அவனே சொல்லியிருப்பான்," என்றாள்.

அம்பாதாஸ் போய் நின்றான். ரேணுகா வந்துவிட்டாள். நன்றிக்கு வேர்க்கடலைச் சட்னிப் பொடி ஒரு பொட்டலம் கூரியரில் வந்தது. முகவரி கொடுத்த அன்றே இது எங்கே போய் முடியும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. ஊர் ஆட்டோ இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஒல்லியாக ஒரு பையன், கையில் சோலாப்பூர்ப் போர்வை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு ஒரு பெண்.

"அண்ணி, நான் அம்பாதாஸ். அண்ணன் தொண்டை நல்லாகணும்னு கொண்டகட்டு மலை அனுமாருக்கு வேண்டியிருந்தேன். அப்படியே பாத்துட்டுப் போலாம்னு..."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன் சுவரைப் பார்த்தான். மாலை போட்ட படம், கீழே தேதி. தேதியை விரலால் எண்ணுகிறவன் மாதிரி உதடு அசைந்தது.

"இது போன சித்திரை."

"ஆமா."

"அப்போ எங்கிட்ட பேசினது யாரு?"

"நான்தான், தம்பி."

"டோன்?"

"அதுவும் நான்தான். மொதல்லேர்ந்து."

ரஜிதா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. முகம் காதுவரை சிவந்திருந்தது.

"டோன் யார் செஞ்சா என்ன. அது நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லாதத சொன்னேன். அண்ணன்னு நெனச்சுச் சொன்னேன். ஒரு பொம்பளைகிட்ட... செத்துப்போனவர் பேர்ல உக்காந்து படிச்சிருக்கீங்க."

"தப்புதான். உன்னை ஏமாத்தணும்னு தொடங்கல."

"நான் அவர் தொண்டைக்கு வேண்டிக்கிட்டேன் அண்ணி. நடந்தே மலை ஏறினேன்."

அவன் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டான். ரேணுகா போகவில்லை. நின்றவாக்கில் அந்தத் தண்ணீரை வாங்கி முழுசும் குடித்தாள். சொம்பைக் கொடுத்துவிட்டு, "வாசல்ல நில்லுன்னு எழுதினது நீங்கதானா?" என்று கேட்டாள். ரஜிதா தலையசைத்தாள். "மூணு மணி நேரம் நின்னார்," என்று சொல்லிவிட்டு, போர்வையைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, கீபோர்டுக்காரர்கள் இருந்த ஒரு பெரிய வாட்ஸ்அப் குழுவில் அம்பாதாஸ் எழுதினான்: 'ஓதெலு அண்ணன் பத்து மாசத்துக்கு முன்னாடியே போயிட்டார். அவர் பேர்ல பதில் சொன்னது அவர் சம்சாரம். சத்தம் எல்லாம் செஞ்சதும் அவங்கதான். சத்தத்துல குறை இல்ல.' கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

சிலர் திட்டினார்கள், சிலர் அழுகைப் பொம்மை அனுப்பினார்கள். பிவண்டிக்காரன் எண்ணையே அடைத்துவிட்டான். பூமேஷ் போன் செய்தான். இந்தத் தடவை அவள் எடுத்தாள்.

"வதினா, நீதான் செஞ்சியா எல்லாம்? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன், பூமேஷ்."

"ஆமா," என்றான். அடுத்த பாட்டில் அவள் பெயரைப் போடுவதாகச் சொன்னான். போடவும் செய்தான், கடைசி வரியில். ஆனால் அவன் ஸ்டுடியோவுக்கு வேண்டிய சத்தங்களெல்லாம் ஏற்கெனவே அவனிடம் இருந்தன. புதிதாகக் கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறு லச்சவ்வா வந்து இலையை முன்னால் இழுத்துக்கொண்டு, "படி," என்றாள்.

"இனிமே இல்ல, அக்கா."

தம்பி இறந்த அன்று மாரில் அடித்துக்கொண்டு அழுத லச்சவ்வா, இப்போது சத்தமில்லாமல் அழுதாள். கை பாட்டுக்கு இலையை அடுக்கிக்கொண்டிருந்தது. ரஜிதாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேருக்கும் அன்றுதான் அவன் போனான்.

எண்ணிலிருந்த படத்தை ரஜிதா எடுத்துவிட்டாள். தன் படத்தைப் போட மனம் வரவில்லை, வெறும் பெயரை மட்டும் எழுதினாள். நாற்பது பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். போனில் இப்போது அவளே பேசுகிறாள். "அண்ணன் இருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்," என்று அந்த ஒன்பது பேரிலும் இரண்டு பேர் சொல்வார்கள். "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றிக் கேட்பாள். மறுபடி முந்நூறுக்கு இறங்கியிருந்த பீடி இப்போது ஐந்நூறுக்கு ஏறிவிட்டது.

அம்பாதாஸுக்கு மன்னிப்பை எழுத்தில் அனுப்ப அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுத்தெல்லாம் ஓதெலுவின் வாய் மாதிரியே வந்தது. சொந்தக் குரலில் பேசி அனுப்பினாள். பேசிப் பழக்கமில்லாததால் நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறியது. அழித்துத் திரும்பப் பேசாமல் அப்படியே விட்டாள். அவன் கேட்டுவிட்டான் என்பதற்கான நீல நிறம் மறுநாள் காலை வந்தது. பதில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். பிறகு சிரிசில்லாக்காரர் கேட்டிருந்த மாட்டு வண்டிச் சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.